நாள் தள்ளிப்போவதற்கு முன்: தாயின் ஊட்டமும் நரம்புக்குழல் குறைபாடும்

1. ஆய்வின் எல்லை

கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே போனால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு பழக்கம் கிடக்கிறது. பிள்ளை குறையோடு பிறந்தால் தாய் என்ன செய்தாள் என்றே முதலில் கேட்கிறோம். பிறவிக் குறைபாட்டின் காரணங்களில் தாயின் ஊட்டமும் ஒன்று என்று அறிவியல் நிறுவிய பிறகு, அதே பழி "ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்ற புது உருவில் திரும்பி வருகிறது. சான்றுகளை உள்ளபடி படித்தால் அவை தாயைச் சுட்டவில்லை. மாத்திரை எந்த வாரம் கைக்கு வருகிறது, மாவிலும் அரிசியிலும் எவ்வளவு கலக்கப்படுகிறது என்பதையே சுட்டுகின்றன. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறவிக் குறைபாடுகள் பல. எல்லாவற்றுக்கும் ஊட்டம் காரணமல்ல. இங்கே எடுத்துக்கொள்வது நரம்புக்குழல் குறைபாடுகளை மட்டும். மூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாமல் போகும் அனென்செஃபலி, முதுகெலும்பு மூடாமல் தண்டுவடம் வெளித்தெரியும் ஸ்பைனா பைஃபிடா ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. முன்னதில் குழந்தை பிழைப்பதில்லை. பின்னதில் பிழைக்கும் குழந்தைக்குக் கால்களில் செயலிழப்பும், சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடின்மையும், தலையில் நீர் சேர்வதும், அறுவை மேல் அறுவையும் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். ஊட்டத்துக்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு வேறெங்கும் இவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் ஆயிரம் பிறப்புக்கு 4-ஐ ஒட்டிய எண்ணிக்கையைக் காட்டியுள்ளனர். மாவில் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் என்ற பி வைட்டமினின் மாத்திரை வடிவம்) கலக்கும் அமெரிக்காவில் அது 1-க்கும் கீழே.

2. இருபத்தெட்டு நாள் கணக்கு

கருவின் முதுகுப்புறத்தில் முதலில் தட்டையான ஒரு தகடு தோன்றுகிறது. வாழையிலையை இருபுறமும் மடக்கித் தொன்னை தைப்பதுபோல் அதன் இரு ஓரங்களும் மேலெழுந்து, வளைந்து, நடுவில் கூடி ஒட்டிக்கொள்கின்றன. இப்படி உண்டாகும் குழல்தான் பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. தலைப்பக்கத்து வாய் கருத்தரித்த 25-ஆம் நாளை ஒட்டி மூடுகிறது; வால்பக்கத்து வாய் 27 அல்லது 28-ஆம் நாளில். அந்த நாளுக்குள் மூடாதது பிறகு மூடுவதில்லை.

இதை ஒரு பெண்ணின் நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். 28 நாளுக்கொருமுறை விலக்காகும் பெண்ணுக்குக் கருத்தரித்த 14-ஆம் நாள் விலக்கு வர வேண்டும், வரவில்லை. அலைச்சலாக இருக்கும், சூடாக இருக்கும் என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார். 21 நாள் ஆகிவிட்டது. மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி இரண்டு கோடு பார்த்து, வீட்டில் சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவரிடம் போகும்போது 28 நாள் கடந்திருக்கும். அன்று மருத்துவர் எழுதித்தரும் ஃபோலிக் அமிலம் தாயின் இரத்தத்துக்கும் கருவின் பிற்கால வளர்ச்சிக்கும் பயன்படும். நரம்புக்குழலுக்கு அது எட்டாது.

இன்னொரு தடையும் உண்டு. விழுங்கிய அன்றே உடலின் ஃபோலேட் இருப்பு நிறைந்துவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல், சிவப்பணுக்களில் மில்லிலிட்டருக்கு 400 நானோகிராம் ஃபோலேட் இருந்தால் நரம்புக்குழல் குறைபாட்டின் ஆபத்து மிகக் குறைவு என்று எல்லை வகுத்தது. நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண் அந்த எல்லையைத் தொடப் பல வாரங்கள் பிடிக்கும். ஆகவே ஊட்டம் கருவுக்கு முன்பே உடலில் இருக்க வேண்டும். உலகில் ஏறத்தாழப் பாதிக் கருத்தரிப்புகள் திட்டமிடாமல் நேர்பவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "திட்டமிட்டு மாத்திரை சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை எத்தனை பேரை எட்டும் என்பது தெரியும்.

நம் சடங்குகளின் காலக்கணக்கும் இங்கே கவனத்துக்குரியது. ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ, வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கட்டி, தாய்வீட்டார் ஊட்டுகிறார்கள். அன்பு குறையாத சடங்கு அது. ஆனால் ஊட்டும் கை நீளும்போது குழல் மூடி மாதங்கள் ஆகியிருக்கும். முன்கூட்டியே ஊட்டும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது: பெண் வயதுக்கு வந்ததும் கொடுக்கும் உளுந்தங்களி. உளுந்து ஃபோலேட் உள்ள பருப்பு. அந்த அக்கறை சில வாரங்களில் நின்றுவிடுகிறது என்பதே குறை.

3. சான்று வந்த வழி

3.1 பன்றிக்குட்டியும் பஞ்சமும்

தாயின் உணவிலுள்ள பற்றாக்குறை கருவின் உருவத்தையே மாற்றும் என்பதை முதலில் காட்டியது ஒரு பன்றி. டெக்சாஸ் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிரெட் ஹேல், சினைப்பன்றி ஒன்றுக்கு வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்தார். ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழி இல்லை. 1933-இல் இது வெளியானது. பிறவிக் குறை என்றால் பரம்பரைதான் என்று நம்பப்பட்ட காலம் அது. 1940-களில் சின்சினாட்டியில் ஜோசஃப் வார்கனி எலிகளில் செய்த சோதனைகள், ஊட்டக்குறைவு எலும்புகளையும் அண்ணத்தையும் சிதைப்பதைக் காட்டின.

மனிதர்களிடம் அத்தகைய சோதனையை யாரும் செய்ய முடியாது, போர் செய்தது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மானியப் படை தடுத்தது. நகரங்களில் ஒருவருக்குரிய பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடையே மைய நரம்பு மண்டலக் குறைபாடுகள் கூடியிருந்ததைப் பிற்கால ஆய்வுகள் கண்டன. கருவின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்த குழந்தைகளுக்கு எடை குறைந்தது. தொடக்கத்தில் சந்தித்தவர்களுக்கு அடித்தளமே பாதிக்கப்பட்டது. எதை உண்ணவில்லை என்பதோடு எந்த வாரத்தில் உண்ணவில்லை என்பதும் சேர்ந்தே விளைவைத் தீர்மானித்தது.

3.2 பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி

ஃபோலேட்டின் கதை நம் மண்ணில் தொடங்குகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகைக் கடும் இரத்தசோகையை ஆராய இந்தியாவுக்கு வந்தார். பம்பாயின் ஹாஃப்கின் நிலையத்தை மையமாகக் கொண்டு, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் உணவை ஆராய்ந்தார். 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மலிவான மார்மைட் பசையைக் கொடுத்ததும் சோகை பிடித்த கர்ப்பிணிகள் தேறினார்கள். அதில் உள்ள பெயர் தெரியாத பொருள் 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941-இல் டெக்சாஸில் நான்கு டன் பாலக்கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, இலைக்குரிய லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

1940-களின் நடுவில் அதைச் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தும் அவர் குழுவிலிருந்து வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது முதல் நம்பிக்கையைத் தந்தது. 1950-களில் கருவைக் கலைக்க அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, கலையாமல் தங்கிய கருக்களில் கடுமையான உருவக்குறைகள் காணப்பட்டன. ஃபோலேட்டின் வழியை அடைத்தால் கருவின் வடிவம் குலையும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த நேரடியான முதல் அறிகுறி அதுவே. திருவல்லிக்கேணிப் பிரசவ வார்டும் சென்னை மருத்துவக் கல்லூரியும் இந்த வரலாற்றில் இருந்தும் நம் பாடநூல்களில் இது இடம்பெறாதது எனக்கு வருத்தம் தருகிறது.

3.3 லீட்ஸ் முதல் 1991 வரை

1965-இல் எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸும், குறையுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு அதிகம் என்று லிவர்பூலில் கண்டறிந்தனர். பின்னர் லீட்ஸுக்குப் போன ஸ்மிதெல்ஸ், ஏற்கெனவே ஒரு நரம்புக்குழல் குறைபாட்டுக் குழந்தையைப் பெற்ற பெண்களுக்கு, அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சேர்ந்த பல்வைட்டமின் மாத்திரை கொடுத்தார். 1980-இல் வெளியான முடிவு: மாத்திரை எடுத்தவர்களின் 178 குழந்தைகளில் ஒருவருக்கே குறைபாடு, எடுக்காதவர்களின் 260-இல் 13 பேருக்கு.

இவ்வளவு தெளிவான எண்களை ஏன் உடனே ஏற்கவில்லை? சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை கொடுக்கவே ஸ்மிதெல்ஸ் விரும்பினார். மருத்துவமனைகளின் மூன்று அறநெறிக் குழுக்கள் அனுமதி மறுத்துவிட்டன. ஆகவே மாத்திரை கேட்டு வந்தவர்கள் வசதியும் அக்கறையும் கூடியவர்கள், அதனால்தான் அவர்களிடம் குறைபாடு குறைந்தது என்ற ஐயத்துக்கு இடம் வந்தது. கருணையால் மறுக்கப்பட்ட அனுமதியின் விலையைப் பத்தாண்டுகளில் கருவான குழந்தைகள் கொடுத்தன என்றே நான் கருதுகிறேன்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிக்கோலஸ் வால்டின் தலைமையில் 7 நாடுகளின் 33 மையங்களில் அந்தச் சீட்டுமுறை ஆய்வை நடத்தியது. முடிந்த 1195 கர்ப்பங்களில் 27 குறைபாடுகள்: ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களில் 6, எடுக்காதவர்களில் 21. நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் 72 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. மற்ற வைட்டமின்கள் தரவில்லை. இனியும் ஒரு பகுதியினருக்கு மறுப்பது தகாது என்று 1991 ஏப்ரலில் ஆய்வை நிறுத்தினார்கள்.

அடுத்த ஆண்டு ஹங்கேரியில் ஆண்ட்ரூ சீசல், முன்பு குறைபாட்டுக் குழந்தை பெறாத பெண்களிடமும் இது பலிப்பதைக் காட்டினார். பல்வைட்டமின் எடுத்தவர்களிடம் ஒரு நரம்புக்குழல் குறைபாடும் இல்லை, மற்றவர்களிடம் 6. அங்கே ஃபோலிக் அமிலத்தின் அளவு 0.8 மில்லிகிராம். பின்னர் சீனாவில் நாளுக்கு வெறும் 400 மைக்ரோகிராம் கொடுத்தபோது, ஆபத்து மிகுந்த வடபகுதியில் ஆயிரத்துக்கு 4.8-ஆக இருந்தது 1.0-க்கு இறங்கியது, தென்பகுதியில் 1.0-லிருந்து 0.6-க்கு. பற்றாக்குறை ஆழமாக இருக்கும் இடத்தில் பலனும் பெரிது.

4. ஏன் ஃபோலேட், ஏன் அது மட்டுமல்ல

செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏவை முழுதும் படியெடுக்க வேண்டும். அதற்கான கட்டுப்பொருள்களைச் செய்யத் தேவையான ஒற்றைக் கார்பன் துண்டுகளைச் சுமந்து கொடுப்பது ஃபோலேட். குழல் மூடும் நாட்களில் ஓரத்துச் செல்கள் மிக வேகமாகப் பெருக வேண்டும். சுமப்பது குறைந்தால் பெருக்கம் தாமதிக்கும். ஓரங்கள் உரிய நேரத்தில் சந்திக்காது. சில தாய்மாரிடம் எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவின் ஒரு வேறுபாடு இருக்கும். அதனால் ஃபோலேட்டைக் கையாளும் நொதி மந்தமாக வேலை செய்யும். ஒரே அளவு உண்டும் ஒருத்திக்குப் போதும், இன்னொருத்திக்குப் போதாது. ஒரே பந்தியில் உண்ட இரு மருமகள்களில் ஒருத்திக்கு மட்டும் இந்தத் துயரம் நேர்ந்தால், அவள் உண்ட விதத்தைக் குறை சொல்ல யாருக்கும் அடிப்படையில்லை.

ஃபோலேட்டின் சுழற்சியில் வைட்டமின் பி12 கூட்டாளி. அயர்லாந்துப் பெண்களிடம் செய்த ஆய்வு, பி12 குறைந்தவர்களுக்கு நரம்புக்குழல் குறைபாட்டு ஆபத்து கூடுவதைக் காட்டியது. பி12 கீரையிலும் பருப்பிலும் இல்லை. மீன், முட்டை, பால், இறைச்சியில் இருக்கிறது. புனே அருகே கிராமத்துக் கர்ப்பிணிகளிடம் நடந்த நெடுங்கால ஆய்வில் ஃபோலேட் குறைவு அரிதாகவும், பி12 குறைவு மூன்றில் இருவரிடமும் காணப்பட்டது. சைவக் குடும்பங்களில் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஃபோலிக் அமிலம் மிகுதியாகக் கொடுத்தால் பி12 குறைவின் சோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும் என்ற எச்சரிக்கையும் இதனால்தான் எழுகிறது.

கருத்தரிக்கும்போதே கட்டுப்படாத சர்க்கரை, மிகை உடல் எடை, வலிப்புக்குத் தரும் வால்ப்ராயேட் ஆகியவையும் இந்த ஆபத்தைக் கூட்டும். மாத்திரையை எண்ணி மட்டும் இந்தக் கணக்கு தீராது.

5. வேறு இரண்டு ஊட்டங்கள், சுருக்கமாக

அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். காது கேளாமையும் பேச்சின்மையும் கூட வரலாம். உப்பில் அயோடின் கலந்தது இதை உலகெங்கும் பெருமளவு தடுத்தது. ஒவ்வொரு தாயின் நினைவாற்றலையும் நம்பாமல், எல்லோரும் தொடும் பண்டத்தில் ஊட்டத்தை வைத்த முன்மாதிரி அது.

வைட்டமின் ஏ எதிர்த்திசையில் எச்சரிக்கிறது. குறைந்தால் கண் கெடும். விலங்குவழி ரெட்டினால் நாளுக்கு 10,000 அலகுக்கு மேல் போனால் கருவின் தலை, முகம், இதயம் பாதிக்கப்படலாம் என்று 1995-இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. சத்து என்ற பெயரில் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகளுக்கும், ஈரலை நாள்தோறும் உண்பதற்கும் இது பொருந்தும். முருங்கைக்கீரையிலும் பரங்கிக்காயிலும் உள்ள கரோட்டினுக்கு இந்த அச்சம் வேண்டாம்.

6. கீரை, மாத்திரை, மாவு, அரிசி

"எங்கம்மா மாத்திரையா சாப்பிட்டா? கீரையும் பயறும் சாப்பிட்டா" என்று பெரியவர்கள் சொல்வதை மரியாதையோடு கணக்கிட்டுப் பார்க்கலாம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 170 மைக்ரோகிராம் அளவில் ஃபோலேட் உண்டு. மாத்திரையில் உள்ள வடிவம் உடலில் உணவு ஃபோலேட்டைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு சேரும். ஒரு 400 மைக்ரோகிராம் மாத்திரைக்கு ஈடாக, வழக்கமான உணவுக்கு மேல், நாள்தோறும் 400 கிராம் வெந்த கடலை வேண்டும். கீரையை வேகவைத்து நீரை இறுத்துவிட்டால் ஃபோலேட்டில் கணிசமான பங்கு அந்த நீரோடு போகும். கீரையும் பயறும் அன்றாடம் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை மட்டுமே இந்த நான்கு வாரத்தைக் காக்கும் என்று சொல்லத்தான் சான்று இல்லை.

மாவில் கலக்கும் வழியை அமெரிக்கா 1998-இல் கட்டாயமாக்கியது: 100 கிராம் மாவுக்கு 140 மைக்ரோகிராம். கனடாவும் அதே ஆண்டில் நடைமுறைப்படுத்த, அங்கே குறைபாடு ஆயிரத்துக்கு 1.58-லிருந்து 0.86-க்கு இறங்கியது. எந்தத் தானியத்தில் கலக்கிறோம் என்பதும் முக்கியம். டெக்சாஸின் மெக்சிகோ எல்லையிலுள்ள பிரவுன்ஸ்வில்லில் 1991-இல், ஒரே மருத்துவமனையில் 36 மணி நேரத்தில் அனென்செஃபலியோடு மூன்று குழந்தைகள் பிறந்தன. அங்குள்ள மக்கள் உண்பது மக்காச்சோள டார்ட்டியா. பூஞ்சணம் பிடித்த சோளத்தில் சேரும் ஃபுமோனிசின் நஞ்சு ஃபோலேட்டின் நுழைவைத் தடுக்கிறது என்ற ஐயம் வலுத்தது. ஆனால் 1998-இன் கட்டாயத்தில் டார்ட்டியாவுக்கான சோளமாவு சேரவில்லை. அதில் கலக்க அனுமதி வந்தது 2016-இல். அறுதியான ஆய்வை நடத்திய பிரிட்டனே மாவில் கலப்பதற்கான சட்டத்தை 2024-இல்தான் இயற்றியது. 1998 முதல் 2012 வரை மட்டும் இதனால் தடுத்திருக்கக்கூடிய பாதிப்புற்ற கர்ப்பங்கள் 2014 என்று மதிப்பிட்டுள்ளனர்.

நம் தானியம் அரிசி. 2021-இல் அறிவிக்கப்பட்டு, ரேஷன் கடை வழியே செறிவூட்டப்பட்ட அரிசி வீடு வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கிக் கொட்டிய வீடுகளும் உண்டு. அந்தப் பயத்தைப் பொறுமையாகப் போக்க வேண்டும். அந்த மணிகள் அரிசிமாவோடு இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் பிசைந்து அச்சில் வார்த்தவை. அளவைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். விதிப்படி கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு 22 முதல் 38 மைக்ரோகிராம் கிடைக்கும். சமையலில் போவது தனி. அமெரிக்க மாவில் கிலோவுக்கு 1400. சோகையை மனத்தில் வைத்து வகுத்த அளவு நரம்புக்குழலுக்குப் போதாது.

மாத்திரையின் வழியிலும் இதே இடைவெளி இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. சோகைக்கும் பிரசவப் பாதுகாப்புக்கும் அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கடைசி விலக்கிலிருந்து எண்ணும் அந்தக் கணக்கில் நரம்புக்குழல் ஆறாவது வாரத்தோடு மூடிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய சோகையற்ற இந்தியா திட்டம், பள்ளி மாணவியருக்கும் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை வைத்திருக்கிறது. இது கருவுக்கு முன்பே எட்டும் வழி. காலம் சரியாக அமைந்த வழி. அதில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வாரத்துக்கு 500 என்றால் நாளுக்கு 71. மாதவிலக்காகும் பெண்களின் வார மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்தது 2800 மைக்ரோகிராம். அதாவது நாளுக்கு 400. நம் மாத்திரையில் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வார மாத்திரையில் இந்த அளவை உயர்த்தும்போது பி12-ஐயும் சேர்ப்பது பற்றி முடிவெடுக்கலாம். முன்பு ஒரு குழந்தையை இக்குறைபாட்டால் இழந்தவர்களுக்கு இது போதாது. 1991 ஆய்வின் அளவான 4 மில்லிகிராமை மருத்துவரின் கண்காணிப்பில், கருவுக்கு முன்பே அவர்கள் தொடங்க வேண்டும்.

பள்ளியை விட்டபின் இந்த வார மாத்திரை பல பெண்களின் கையில் சேர்வதில்லை. மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள், திருமணமாகி வேறு ஊர் போனவர்கள் விட்டுப்போகிறார்கள். திருமணமான மூன்றாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கும் உறவுகள் அந்த மூன்று மாதமும் அவள் மாத்திரை எடுத்தாளா என்று கேட்பதில்லை, அப்படி ஒரு மாத்திரை இருப்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் தகுதியான தம்பதியர் பதிவேடு இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஏடு அது; புதிதாக மணமாகி ஊருக்கு வந்த பெண்ணின் பெயரும் வயதும் அதில் ஏறும். அந்தப் பெயர் ஏறும் நாளிலேயே 400 மைக்ரோகிராம் மாத்திரைப் பட்டை ஒன்றையும் அவளிடம் கொடுக்கலாம்.